இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது அடியில் ஒரு பூ

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். கள்ளக்குறிச்சியில் வெப்பம் இருபத்திரண்டு டிகிரி. காற்று இல்லை. மேற்கே, மலை இருக்கும் திசையில், மாசியில் இருக்கக் கூடாத ஒரு மேகம்.

கைப்பேசி அடித்தது. கல்வராயன் மலையிலிருந்து காசியம்மாள்.

“சார், வெடிச்சிடுச்சு. நாலு மொட்டுல ரெண்டு வெடிச்சிடுச்சு.”

“என்ன நிறம்?”

“ரோசு. பளிச்சுனு கீது. அம்மாவை இட்டாந்துடுங்க. மூணு நாளு நிக்கும், மிஞ்சிப்போனா நாலு. மழை வந்தா அதுவும் இல்ல.”

நான் மேகத்தைப் பார்த்தேன். பிறகு சமையலறையைப் பார்த்தேன். என் மனைவி தேவகி ஸ்டூலில் உட்கார்ந்தபடி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நின்று காய்ச்ச முடியாமல் போய் அப்போது பதினோரு மாதங்கள்.

“பூத்திடுச்சாம்” என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். “இன்னிக்கேவா போகணும்? தலைக்குக் குளிக்கணுமே” என்றாள்.

மூன்றாவது விருப்பம்

ஆறு ஆண்டுகளுக்கு முன், அவளுடைய நுரையீரல் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னவற்றுள் எனக்குப் புரிந்தது ஒரே ஓர் எண்தான். மூவாயிரம் அடிக்கு மேல் அவள் ஏறக் கூடாது.

தேவகி பிறந்தது நீலகிரியில். மாமனார் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவர்கள் குடியிருப்பு ஆறாயிரம் அடிக்கும் மேலே. இருபது வயதில் இறங்கி வந்து, நானூறு அடி உயரமுள்ள கள்ளக்குறிச்சியில் என்னோடு குடித்தனம் செய்ய ஆரம்பித்தாள். பெற்றோர் போன பிறகு ஊருக்குப் போக அவளுக்குக் காரணம் இல்லை. காரணம் வந்தபோது அனுமதி இல்லை.

அன்று மருத்துவமனைச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. மலைச்சரிவு, அதில் ஒரு முறுக்கிய மரம், மரம் முழுக்கச் சிவப்புப் பூ. தேவகி அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

“இது எங்க காட்டுப்பூவரசு. பள்ளிக்கூடம் போற வழியில பறிச்சு இதழைத் தின்னுகிட்டே போவோம். புளிக்கும்” என்றாள். பிறகு, “இன்னொரு வாட்டி கையில வச்சுப் பார்த்தா நல்லாயிருக்கும்” என்றாள்.

ஆங்கிலத்தில் அதற்கு ரோடோடென்ட்ரான் என்று பெயர். எங்கள் திருமணத்துக்குப் பிறகு அவள் வாய்திறந்து கேட்டவை மூன்று. முதலாவது ஒரு தையல் இயந்திரம். இரண்டாவது, நான் எதையும் வாய்விட்டு எண்ணாமல் இருப்பது. முதலாவதை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது என்னால் முடியவில்லை. மூன்றாவது இந்தப் பூ.

பூவிடம் அவள் போக முடியாது. ஆகவே பூவை இறக்குவது என்று முடிவு செய்தேன்.

கரும்புக்காரர் வீட்டுப் புத்தி

ஊட்டியிலிருந்து தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கன்றை வரவழைத்தேன். பதினான்கு இலைகள். கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்தில் இடம் பார்த்தேன்.

நாங்கள் கரும்பு போடுகிற குடும்பம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் என் தம்பி இன்னும் போடுகிறான். எங்கள் வீட்டில் எந்தச் செடி நட்டாலும் முதலில் செய்வது, குழியில் இரண்டு கூடை ஆலைக்கழிவு கொட்டுவது. சர்க்கரை ஆலையில் சாறு தெளிந்த பின் அடியில் தங்கும் கறுப்புச் சேறு அது. கரும்புக்கு அமிர்தம். தென்னை, முருங்கை, மல்லிகை எல்லாம் அதில் கொழித்து வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி ஒரு மூட்டை அனுப்பினான். நான் கொட்டினேன். அதன் மேல் அடுப்புச் சாம்பல் இரண்டு முறம். கன்றைக் கழுத்துவரை புதைத்து, பாத்தி கட்டி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தளும்பத் தளும்ப விட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் கடைசி இலையும் மஞ்சளானது.

அந்தச் செடிக்குப் புளித்த மண் வேண்டும். சுண்ணாம்பு அதற்கு விஷம். கரும்புச் சாற்றைத் தெளியவைக்க ஆலையில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள் என்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்து தெரியும். சாம்பலும் அதே குணம். எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும். எல்லாம் தெரிந்தும், அன்பாகச் செய்கிறோம் என்று நினைத்து, பச்சைக் குழந்தையின் வாயில் சுண்ணாம்பைத் தடவியிருக்கிறேன்.

(இடையில் ஒரு திருத்தம். சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் வேலைபார்த்த தாலுகா அலுவலகத்து மாடிக்குப் பதினேழு படிகள் என்று எழுதிவிட்டேன். பதினெட்டு. போய் எண்ணிப் பார்த்தேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

இரண்டாவது கன்றைத் தொட்டியில் வைத்தேன். இலைமக்கும் செம்மண்ணும் கலந்தேன். மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீரை மட்டும் ஊற்றினேன். காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல். அது பிழைத்தது. ஆறு புது இலை விட்டது. எனக்குக் கர்வம் வந்தது.

சித்திரையும் வந்தது. தொட்டியைத் தூக்கிப்போய்த் தேவகியின் அறையில், குளிரூட்டிக்கு நேராக வைத்தேன். பக்கத்து வீட்டு ரஹீம் பாய், இரும்புக்கடைக்காரர், பார்க்க வந்தார்.

“இன்னா சார், செடிக்கு ஏசியா? எங்க வூட்டுல எனக்கே கெடையாது.”

“மலைச்செடி பாய். சூடு ஆகாது.”

“நல்லா பாத்துக்குங்க சார். அடுத்த ஜென்மத்துல உங்க வூட்டு வாசல்ல செடியா பொறக்கணும்னு எங்க வூட்டம்மா சொல்லிக்கினு இருக்காங்க.”

மின்சாரம் இல்லாத மணி நேரங்களை எண்ணினேன். ஒரே வாரத்தில் இருபத்தாறு. ஐந்தாவது மாதம் அந்தச் செடியும் போயிற்று. காய்ந்த குச்சியைத் தொட்டியோடு வெளியே கொண்டுபோகும்போது தேவகி, “பாவம், ராத்திரி எல்லாம் புழுக்கத்துல தூங்கியே இருக்காது” என்றாள்.

ஏற்காட்டுக்காரர்

இதையே ஏற்காட்டில் ஒரு நாற்றங்கால்காரர் வேறு மாதிரி சொன்னார். சின்னசேலத்தில் ரயிலேறி, சேலத்தில் பேருந்து மாறிப் போய் அவரைப் பார்த்தேன். என் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அது ராத்திரிக் குளிருல தூங்கற செடி சார். பகல் வெயில்கூடத் தாங்கும், ராத்திரிப் புழுக்கம் தாங்காது. அந்தச் செகப்பு மரம் என் கையிலயே சரியா வரல. உங்க ஊருல எங்க வரும்?”

“கல்வராயன் மலையில் வைத்தால்?”

“மரம் வராது. ஆனா அதோட இனத்துல சின்னது ஒண்ணு இருக்கு. அசேலியா. இடுப்பு உயரம்தான். அது கொஞ்சம் கீழ இறங்கும். காப்பிக் காட்டு நிழல் இருந்தா மூவாயிரம் அடியில பூக்கலாம். பூக்கும்னு எழுதிக் கேட்டா கொடுக்க மாட்டேன்.”

அவள் மூவாயிரம் வரை ஏறலாம். அது மூவாயிரம் வரை இறங்கலாம். பேருந்தில் திரும்பும்போது மடியில் இரண்டு கன்றுகள். இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று தொட்ட சந்தோஷத்தில் நான் ஆத்தூர் வரும்வரை கண்ணை மூடவில்லை.

ஒன்றை மட்டும் தேவகியிடம் சொல்லவில்லை. இது அவளுடைய மரம் அல்ல, அதன் குட்டி உறவு என்பதை. காட்டுப்பூவரசு என்றே சொல்லிவைத்தேன். ஆறு ஆண்டுகளில் நான் அவளிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

காசியம்மாளின் காப்பிக் காடு

பணியில் இருந்தபோது மழைக்கணக்கு வாங்க மாதம் ஒருமுறை நான் மலைக்குப் போவேன். அங்கே மழைமானியைப் பார்த்துக்கொண்டவரின் மகள் காசியம்மாள். இப்போது ஐம்பதை நெருங்குகிறாள். ஓர் ஏக்கர் காப்பியும் மிளகும், பத்துப் பன்னிரண்டு ஆடும் வைத்திருக்கிறாள். கரியாலூரைத் தாண்டி, சாலையிலிருந்து நூற்று நாற்பது தப்படி மேலே அவள் வீடு. என் கைப்பேசி காட்டிய உயரம் இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது அடி.

“பூ பூத்ததுக்கு அப்புறம் காய்க்குமா சார்?” என்றாள்.

“காய்க்காது. பூ மட்டும்தான்.”

“வேற எதுக்காவது ஆவுமா?”

“தேவகி பார்க்க வேண்டும்.”

“அப்ப வைங்க” என்றாள்.

ஒரு கன்றை நான் நட்டேன், பழக்கதோஷத்தில் ஆழமாக. அது அழுகிப்போயிற்று. இன்னொன்றை அவள் நட்டாள். குழியே தோண்டாமல், இலைமக்கைத் திட்டாகக் குவித்து அதன் மேல் உட்காரவைத்தாள். வேர் ஓடுவது மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் என்பதால் அதுவே சரி என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் எதையும் படிக்கவில்லை. “கன்னு லேசா இருந்துச்சு, மேலாப்ல வெச்சேன்” என்றாள்.

மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஐம்பத்தொரு முறை. காசியம்மாள் சவுக்குமர இலையைச் சுற்றிப் பரப்பியிருப்பாள். இரண்டாம் வருடம் சுற்றிலும் முள்வேலி போட்டு, அதன் மேல் பழைய கொசுவலையும் கட்டியிருந்தாள். செடியை இப்படிக் காக்கிறாளே என்று நெகிழ்ந்துபோனேன். ஒவ்வொரு முறையும் ஊர் திரும்பி, எத்தனை தளிர், எத்தனை இலை உதிர்ந்தது, மண் எப்படி இருந்தது என்று தேவகியிடம் சொல்வேன். ஒருமுறை ஓர் இலையையும் கிள்ளிவந்து காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாயிருக்கு” என்றாள்.

இந்த வருடம் பொங்கல் முடிந்து மருத்துவரைப் பார்த்தோம். வரும் கோடையிலிருந்து மலையே வேண்டாம், சிறு குன்றுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காசியம்மாளிடமிருந்து மொட்டுக் கட்டிய செய்தி வந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து.

பதினொன்றா, ஒன்பதா

வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. காருக்கு ரஹீம் பாயைக் கேட்டேன்.

“இன்னிக்கு ஜும்மா சார். நாளைக்குக் காலைல ஆறுக்கு எடுத்துடலாம். அக்காவை ரெடியா இருக்கச் சொல்லுங்க.”

மேகம் நகரவில்லை. சாயங்காலத்துக்குள் காசியம்மாளை நான்கு முறை கூப்பிட்டேன்.

“சார், சாக்கு போட்டு மூடியாச்சு.”

“சாக்கா? மொட்டு நசுங்கிவிடுமே!”

“நாலு பக்கம் கொம்பு நட்டு, அது மேல போட்டுகீறேன். எனக்குத் தெரியாதா? இன்னொருவாட்டி போன் பண்ணீங்கன்னா பூவைப் பறிச்சுத் தலையில வெச்சுக்குவேன்.”

சனிக்கிழமை தேவகி பச்சைப் புடவையில் வந்து நின்றாள். பூ எடுத்துத் தெரிய வேண்டுமாம்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, ஏற்றம் தொடங்கியது. தேவகியின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டியிருந்தேன். எண்பத்தெட்டுக்கு இறங்கினால் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை.

“தொண்ணூற்று நாலு” என்றேன். “தொண்ணூற்று மூன்று.”

“சார், கிரிக்கெட் ஸ்கோரு மாதிரி சொல்லாதீங்க. எனக்கு ஸ்டீரிங் நடுங்குது” என்றார் பாய்.

“தொண்ணூற்றொன்று. இது ஏழாவது வளைவு.”

“ஆறாவது சார். அது வளைவே இல்ல, ரோடு லேசா திரும்பிக்கிச்சு.”

என் கணக்கில் மொத்தம் பதினொரு வளைவுகள். பாய் கணக்கில் ஒன்பது. பத்தாவதில் கிளிப் எண்பத்தொன்பது காட்டியது. காரை நிறுத்தச் சொன்னேன். சிலிண்டரைத் திறந்து அவள் மூக்கில் குழாயை வைத்தேன்.

“திரும்பிவிடலாம் தேவகி. படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.”

அவள் மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துச் சொன்னாள். “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கில்ல? எண்பத்தெட்டு வரட்டும். பார்க்கலாம்.”

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஆறு நிமிடம் நின்றோம். எண் தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியது. போனோம்.

சாலையில் காசியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு நின்றிருந்தாள். தேவகியை அதில் உட்காரவைத்து அவளும் பாயும் தூக்கினார்கள். நான் சிலிண்டரைச் சுமந்தேன்.

“என்னங்க இது, பொணத்தைத் தூக்கற மாதிரி” என்று தேவகி கூசினாள்.

“சாமி தூக்கறாங்கன்னு நெனைச்சுக்கம்மா. கனம் அவ்ளோதான் கீது” என்றாள் காசியம்மாள்.

வேலி

சாக்கை எடுத்து, கொசுவலையையும் அவிழ்த்திருந்தாள். செடி தேவகியின் இடுப்பளவுகூட இல்லை. காப்பிச் செடிகளின் கரும்பச்சைக்கு நடுவே, கை கொள்ளும் அளவுக்கு ரோஜா நிறம். வெள்ளிக்கிழமை இரண்டாக இருந்தது மூன்றாகியிருந்தது. நான்காவது பாதி திறந்திருந்தது.

தேவகி நாற்காலியில் முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் ஒரு பூவை, பறிக்காமல், ஏந்திக்கொண்டாள். நான் கிளிப்பைப் பார்த்தேன். அவள் அதைக் கழற்றி என் விரலில் மாட்டினாள்.

“உங்களுக்குத்தாங்க நாடி நூத்திப் பதினெட்டு. உட்காருங்க.”

உட்கார்ந்தேன். மண் ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. மிளகுக்கொடியில் ஏதோ ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

பிறகு தேவகி ஓர் இதழைக் கிள்ளினாள். அதை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

“ஐயோ, வாயில வெக்காதீங்கம்மா!” காசியம்மாள் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இதழ் தேவகியின் மடியில் விழுந்தது.

பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது ஆவாதும்மா. ரெண்டு குட்டி செத்துடுச்சு.”

“என்ன குட்டி?” என்றேன்.

“ஆட்டுக்குட்டிதான் சார். செடி வெச்ச ரெண்டாம் வருசம், ஆடியில. இலையை மேஞ்சுதுங்க. வாயில நொரை தள்ளி, பொழுது சாயறதுக்குள்ள ரெண்டும் போயிடுச்சு.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா நீங்க வந்து புடுங்கிப் போட்டுடுவீங்களே. அம்மா பாக்கணும்னுதான வெச்சீங்க?”

முள்வேலியைப் பார்த்தேன். ஆட்டிடமிருந்து செடியைக் காக்க என்று இரண்டரை வருடமாக நினைத்திருந்தேன். செடியிடமிருந்து ஆட்டைக் காக்கப் போட்ட வேலி அது. தின்ன ஆகுமா ஆகாதா என்று ஏற்காட்டுக்காரரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது அசேலியா வைப்பதாக இருந்தால், ஆடு மாடும் குழந்தைகளும் எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

தேவகி காசியம்மாளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“எங்க ஊருல தின்போம் காசி. அதான். நிறம் வேற, இலை வேற. புளிப்பாவது அதே மாதிரி இருக்குதான்னு பார்க்கலாம்னு நினைச்சேன்.”

“வேறு என்று உனக்கு எப்போது தெரியும்?” என்றேன்.

“நீங்க இலையைக் கொண்டாந்து காட்டினீங்களே, அன்னிக்கே. எங்க மரத்து இலை ஒரு சாண் நீளம் இருக்கும், அடியில வெள்ளி பூசின மாதிரி. இது விரல் நீளம்கூட இல்ல.”

“சொல்லியிருக்கலாமே! மூன்று வருடம்!”

“சொன்னா நிறுத்திடுவீங்க” என்றாள். “மாசம் ஒரு தடவை மலைக்குப் போய் வந்து, சாயங்காலம் பூரா எங்கிட்ட பேசிகிட்டு இருந்தீங்க. அதுக்கு முன்னாடி நீங்க அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல.”

ரஹீம் பாய் காப்பிச் செடிகளைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கிடாவும் நோஞ்சானும்

இறங்குவதற்கு முன், இரண்டு குட்டிக்கும் விலை சொல்லச் சொன்னேன். காசியம்மாள் முடியவே முடியாது என்றாள். பாய் சந்தையில் தரகர் நிற்பது போல எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

“சார் ஆறாயிரம் ஆறாயிரம்னு பன்னெண்டு சொல்றாரு. நீ இன்னா சொல்றே?”

“ஒண்ணும் வாணாம் பாய்.”

“தோ பாரு, வாங்கறவரு ஏத்தறாரு, விக்கறவ எறக்கறே. நாப்பது வருசமா கடை வெச்சுகீறேன், இப்படி ஒரு யாவாரம் பாக்கல.”

“வாங்கிக்க காசி. இல்லன்னா இவரு தூங்க மாட்டாரு, என்னையும் தூங்க விட மாட்டாரு” என்றாள் தேவகி.

காசியம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். “ஒண்ணு கிடா. அதுக்கு வேணா ஐயாயிரத்து ஐநூறு குடுங்க. இன்னொண்ணு நோஞ்சான் சார், எப்படியும் நின்னிருக்காது. அதுக்குக் காசு வாங்குனா நல்லா இருக்காது.” அதற்கு மேல் அவள் அசையவில்லை.

கீழே வரும்வரை தேவகி தூங்கிக்கொண்டே வந்தாள். கிளிப் தொண்ணூற்று மூன்று காட்டியது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன். கன்றுகள் நான்கு, ஆயிரத்து நானூறு. தொட்டியும் மண்ணும் ஆயிரத்து நூற்றைம்பது. ஐம்பத்தொரு நடைக்குப் பேருந்துக் கட்டணம், போகவர எண்பது வீதம், நாலாயிரத்து எண்பது. சிலிண்டர் வாடகை ஆயிரத்து ஐநூறு. பாய் டீசலுக்கு மட்டும் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டது ஆயிரம். கிடா ஐயாயிரத்து ஐநூறு. ஆக, நோஞ்சான் குட்டி ஒன்று நீங்கலாக, பதினான்காயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.